கோளாறு லைனில் இல்லை

அம்மா என் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கிய வேகத்தில் என் இடது காதுத் தோடும் கழன்று மேசைக்கடியில் உருண்டுபோனது. குனிந்து தேட நேரமில்லை. அதற்குள் அம்மா மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கியிருந்தார்.

“யாரு தம்பி நீங்க? லைன்ல என்னா பிரச்சினை? லைன்ல பொறந்த புள்ளைங்கன்னா ஒங்களுக்கு அவ்ளோ எளக்காரமா?”

அந்த ஹெட்செட்டில் எதுவும் கேட்காது, மைக் மட்டும்தான் வேலை செய்யும். எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் மேசை ஸ்பீக்கர் வழியாகக் கடை முழுக்கக் கேட்கும். வினை அதில்தான் வந்தது. கொழும்பிலிருந்து நவீன் என்பவர் என்னிடம் கடைசியாகச் சொன்னதை, சாப்பாட்டுக் கேரியருடன் அப்போதுதான் உள்ளே நுழைந்த அம்மா முழுசாகக் கேட்டுவிட்டார்.

நவீன் சொன்னது இதுதான்: “அக்கா, பிரச்சினை எல்லாம் லைன்லதான். லைன் சரியில்லாத ஆக்கள வச்சுக்கொண்டு லீக் நடத்த ஏலாது. உங்கட டீம் பேரை வெட்டத்தான் வேணும்.”

அவர் சொன்னது எங்கள் இணைய இணைப்பை. ஆனால் அம்மாவுக்கு லைன் என்றால் ஒன்றுதான்: தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக, அறை அறையாக, நாங்கள் குடியிருந்த லயம். பேர் வெட்டுவதும் ஒன்றுதான்: தோட்டத்தை நிர்வகிக்கிற துரை கோபித்துக்கொண்டு ஆளை வேலையிலிருந்து நீக்குவது.

“பேர வெட்டுவீங்களோ? வெட்டிப் பாருங்க! தொரை வெட்டுன பேரையே திரும்ப எழுத வச்சவ நானு. நீங்க எந்தத் தொரை?”

“ஆன்ட்டி... நான் வந்து...”

“காலையில எந்திரிச்சு என்னா குடிக்கிறீங்க நீங்க? அத மொதல்ல சொல்லுங்க!”



“கோப்பி, ஆன்ட்டி.”

தேத்தண்ணி என்று வரும், அது நாங்கள் பறித்த கொழுந்து என்று மடக்கலாம் என்றிருந்த அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். பக்கத்துக் கணினியில் இருந்த கலைச்செல்வன் சிரிப்பை அடக்க மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

புதுசு எதுவும் ஓடாது

போன வாரம் இந்தப் பத்தியில் நான் கடை திறந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “பொம்பளைகள் கேம் விளையாடியதையெல்லாம்கூட எழுதப் போகிறீர்களா?” என்று கேட்டிருந்தார். ஆமாம் ஐயா, இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

லிந்துலை டவுனில் என் கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், ரீலோட், பிள்ளைகளின் பாடசாலை வேலைக்குப் பிரிண்ட். கொழும்பில் மூடிப்போன ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய கணினிகள் சிலவற்றை ஒன்றாக வாங்கி வந்திருந்தேன். போட்டால் விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல். மழைக்காலத்தில் அவற்றின் சூட்டில் கை காய்ச்சலாம், அது ஒரு வசதி.

அந்தப் பெட்டிகளில் புதிய விளையாட்டு எதுவும் ஓடாது. அதனால்தான் பழையதை விளையாடினோம், பழசின் மேல் பாசம் வைத்து அல்ல. குடியானவர்களை வைத்துப் பழம் பறித்து, மரம் வெட்டி, தங்கம் தோண்டி, கோட்டை கட்டி, கடைசியில் பக்கத்து ராஜாவின் கோட்டையை உடைக்கிற விளையாட்டு. அதற்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் உண்டு. நாங்கள் கோட்டை என்றே சொல்வோம்.

நாங்கள் மூன்று பேர். நான் ஜெசிந்தா. மருந்துக்கடையில் வேலை செய்யும் பவானி. த்ரீவீல் ஓட்டும் கலைச்செல்வன். ஹயர், அதாவது சவாரி, இல்லாத மத்தியான வேளையில் கலைச்செல்வன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, “பெரட்டுக்கு வாங்கோ!” என்று கத்துவான். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம். எங்களுக்கு அது ஆட்டம் தொடங்குமுன் மூன்று பெயரும் திரையில் வரிசையாக வந்து நிற்கிற இடம்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் கோட்டை பிடிக்கிறோம் என்று டவுனில் சிரிக்காத ஆள் கிடையாது. பவானியின் முதலாளியம்மா, “இதெல்லாம் கல்யாணமானா சரியாயிரும்” என்றார். பவானிக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. அதை அவர் மறந்துவிட்டார் போலும்.

கூடை நெறஞ்சிருச்சா?

அம்மாவின் பெயர் செபமாலை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தவர். எனக்குச் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டு தினமும் கடைக்கு வருவார். உண்மையில் அவர் வந்தது எங்கள் ஆட்டத்தைப் பார்க்க, அதைவிட அதிகமாகக் குறை சொல்ல.

“அந்தா அவ ஏன் சும்மா நிக்கிறா? வேல இல்லையா அவளுக்கு?”

“பவானியோட ஆளும்மா அது. மறந்துட்டா போல.”

“ஆள மலையில விட்டுட்டு மறக்கிறதா? நல்ல கங்காணி!”

பழம் பறிக்கும் பெண்கள்தான் அம்மாவுக்கு இஷ்டம். ஒரு கூடையோடு புதருக்குப் பக்கத்தில் நின்று பறித்துக்கொண்டே இருப்பார்கள். கூடை நிறைந்தால் களஞ்சியத்துக்கு ஓடிப்போய்க் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். கூடையில் எவ்வளவு இருக்கிறது என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் ஏறும். ஒருநாள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைக் கவனித்தார்.

“பத்துலயே நெறஞ்சிருச்சா?”

“ஆமாம்மா. அவ்வளவுதான் கொள்ளும்.”

“பத்துதானா? இது கூடையா, செரட்டையா? இவளுக்கு முழுப்பேர் விழாதுடி. அரப்பேர்தான் போடுவாங்க.”

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன அளவு கொழுந்து தராசில் நின்றால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். விடிந்ததிலிருந்து அட்டைக்கடியோடு மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். நான் சின்ன வயதிலேயே அம்மாவின் செருப்புச் சத்தத்தை வைத்து முழுப்பேரா அரைப்பேரா என்று கண்டுபிடித்துவிடுவேன். விளையாட்டில் வருகிற பொம்மைப் பெண்ணுக்குக்கூட அரைப்பேர் விழுவதை அம்மாவால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். கலைச்செல்வன் மட்டும், “பெரியம்மா சொல்றது ஞாயந்தான்” என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

லைன் டீம்

பெட்ரோல் வரிசையெல்லாம் ஓய்ந்து, கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய காலம். இதே விளையாட்டை நாடு முழுக்க இன்னும் ஆடுகிறவர்கள் சேர்ந்து ஒரு லீக் நடத்தப்போவதாகக் கேள்விப்பட்டோம். பரிசு என்று பெரிதாக எதுவுமில்லை. எல்லோரும் போனில் பேசிக்கொள்கிற லீக்கின் சாட் குழுவில் வென்றவர் பெயரைப் போடுவார்கள், அவ்வளவுதான். அது போதும் எங்களுக்கு. லிந்துலை என்று பெயர் கொடுத்தோம். நடத்துகிறவர்தான் அந்த நவீன்.

முதல் ஆட்டம் கண்டியில் உள்ள ஒரு குழுவோடு. தொடங்கிக் கொஞ்ச நேரம்தான், திரை அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி. கணினிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஆட்டம் முடிந்தது என்று அதில் எழுதியிருந்தது. திரும்பத் தொடங்கினோம், அதே கதை. அடுத்த வாரம் நீர்கொழும்புக் குழு, அதே கதை. அதற்கடுத்த வாரம் கொழும்பு. யாரோடு ஆடினாலும் ஓர் ஆட்டமும் முடியவில்லை.

அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிப் பழைய விளையாட்டுகள் போர்க்களம் முழுவதையும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதில்லை. அந்தக் காலத்து டெலிபோன் இணைப்பு அதைத் தாங்காது. இவனை அங்கே போகச் சொல், அவளை இதைப் பறிக்கச் சொல் என்ற கட்டளை மட்டும்தான் போகும். மிச்சத்தை ஒவ்வொரு கணினியும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். எல்லாக் கணினியும் ஒரே கணக்கைப் போட்டால் எல்லோருக்கும் ஒரே போர். ஒன்றின் கணக்கு மாறினாலும் அந்தப் பெட்டி வந்துவிடும்.

யாருடைய கணக்கு மாறியது என்று பெட்டி சொல்லாது. அதைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

“தோட்டப் பக்கம்தானே, லைன் வீக்கா இருக்கும்” என்று குழுவில் முதலில் எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரமே எங்களுக்கு லைன் டீம் என்று பெயர் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் சிரிக்கிற இமோஜி முகங்கள் வேறு.

ஹட்டனில் படித்த காலத்தில் வகுப்பில் யாராவது சத்தமாகச் சிரித்தால், “லைன் பழக்கத்த இங்க காட்டாத” என்று ஒரு டீச்சர் சொல்வார். அவருடைய அப்பாவும் லயத்தில் பிறந்தவர்தான். அந்தச் சொல்லை எந்த இளிப்போடு சொல்வார்கள் என்று எனக்கு அத்துப்படி. குழுவில் அந்த முகங்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எரிந்து என்ன பிரயோசனம், கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டுமே. ரவுட்டரைத் தூக்கி, எதிர்மலை டவர் தெரிகிற ஜன்னலுக்கு மாற்றினேன். மலையில் மிஸ்ட் இறங்கி மூடினாலும் சிக்னலின் நாலு கோடும் நின்றது. வைரஸ் தடுப்பை எடுத்தேன். விளையாட்டை வெளியே விடாமல் கதவடைக்கிற விண்டோஸ் காவலுக்கு விதிவிலக்குக் கொடுத்தேன். இணைப்புக் கம்பெனியின் பையனை வரவழைத்துப் பார்க்கச் சொன்னேன். “லைன் சுப்பர்” என்றுவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனான்.

கடைக்குள் நாங்கள் மூவரும் ஆடினால் கோட்டை விழும்வரை ஆட்டம் ஓடியது. ஹட்டனில் இருக்கும் பவானியின் அண்ணனோடு, அதே ரவுட்டர் வழியாக, இணையத்தில் ஆடினோம். அதுவும் ஓடியது. இதையெல்லாம் குழுவில் எழுதினேன். நவீன் பதிலுக்குக் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். பிறகுதான் அந்த மத்தியானத்தில் அழைத்து, பேரை வெட்டப்போவதாகச் சொன்னார்.

வயருன்னா வயருன்னு சொல்லணும்

அம்மா கோப்பியில் தடுக்கி நின்றாரே, அங்கே திரும்புவோம்.

நவீன் மெல்ல விளக்கினார். தான் சொன்னது குடியிருக்கிற லைனை இல்லை, இன்டர்நெட் வருகிற வயரை என்றார்.

“வயரா?” அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அம்மாவின் குரல் ஒரு பங்கு இறங்கியது, அதற்குமேல் இறங்கவில்லை. “வயருன்னா வயருன்னு சொல்லணும் தம்பி. லைனுன்னு ஏன் சொல்றீங்க?”

“சொறி ஆன்ட்டி.”

நியாயமாகப் பார்த்தால் நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். விளங்காமல் பேசிவிட்டார், மனதில் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பவானி கண்ணால் அதைத்தான் எனக்குச் சாடை காட்டினாள். நான் கேட்கவில்லை. அம்மா ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டார், உண்மை. ஆனால் வாரக்கணக்கில் அந்தக் குழு எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைச் சரியாகத்தான் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை அவர் கத்திச் சொல்லிவிட்டார்.

மைக்கை வாங்கினேன்.

“நவீன், இவ்வளவு நேரம் நீங்க எங்க அம்மாகிட்ட ஏச்சு வாங்குனீங்களே, அது எந்த லைன்ல வந்துச்சு? ஒரு சொல்லாவது வெட்டுப்பட்டிச்சா?”

“இல்ல” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

“வார ஞாயித்துக்கெழம நீங்களே ஒங்க கம்ப்யூட்டர்ல உக்காருங்க. நாங்க இங்க உக்காருறோம். ஒண்ணொண்ணா பாப்போம். கோளாறு எங்க லைன்லதான்னு வந்துச்சுன்னா நாங்களே எங்க பேர வெட்டிக்கிறோம். இல்லாட்டி நீங்க அத எல்லார் முன்னுக்கும் சொல்லணும்.”

அவர் யோசித்தார். சரி என்றார். அம்மா கேரியரைத் திறந்து, ஒன்றும் நடக்காததுபோல எனக்குச் சோறு போட்டார். என் தோட்டைக் கலைச்செல்வன் மேசைக்கடியில் தவழ்ந்து எடுத்துக் கொடுத்தான்.

ஒன்றன் பின் ஒன்று

ஞாயிறு பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்தேன். வெளியே மழை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் இருந்தார். வீட்டுக்குப் போகச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

கோளாறு பார்ப்பதில் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் தொடுவது. எங்கள் பக்கம் நான், கொழும்பில் நவீன், இருவர் மட்டும் ஆட்டத்துக்குள் போனோம். முதலில் எதையும் செய்யவில்லை. இரண்டு ராஜ்யமும் கைகட்டி நின்றன. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, “இதுக்குப் பேரா வெளையாட்டு?” என்றார். பெட்டி வரவில்லை.

அடுத்து படைவீரர்களை மட்டும் அங்குமிங்கும் நடக்கவிட்டேன். வரவில்லை. மரம் வெட்டினோம். வரவில்லை. தங்கம் தோண்டினோம், வீடு கட்டினோம், ஒருவரையொருவர் கொஞ்சம் குத்திக்கொண்டோம். இத்தனை நேரமும் அதே ரவுட்டர், அதே மழை, அதே லைன். நவீனின் குரலில் மெல்ல ஆர்வம் ஏறுவது தெரிந்தது. “இவ்வளவு நேரம் ஒருக்காலும் போகல்ல” என்றார்.

“இப்போ பழம்” என்றேன்.

ஒரு பெண்ணைப் புதருக்கு அனுப்பினேன். எண் ஏறியது. கூடை நிறையவேண்டிய நேரம் வந்ததும் திரை உறைந்தது, நடுவில் பெட்டி நின்றது.

புதிதாகத் தொடங்கி, பழம் மட்டும் பறித்தோம். அதே இடத்தில் பெட்டி. இன்னொரு தடவையும் பார்த்தோம். பெட்டி.

“பழத்துல என்னா கோளாறு?” என்று பவானியிடம் திரும்பினேன். பவானி கலைச்செல்வனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலைச்செல்வனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் சட்டென்று மைக்கை அணைத்தேன்.

“அக்கா... கூடை...” என்றான்.

“என்னடா கூடை?”

“பெரியம்மா அன்னைக்குச் சொன்னாங்கல்ல, பத்து பத்தாதுன்னு. நா அத இருவதாக்கிட்டேன்.”

விளையாட்டின் கோப்பு ஒன்றில் அந்த எண் இருந்திருக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு குட்டிக் கருவியை வைத்து மாற்றியிருக்கிறான். மாற்றிய பிரதியையே பென் டிரைவில் போட்டுக் கடைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஏற்றியிருக்கிறான். பவானியின் அண்ணனுக்கும் அதே பென் டிரைவிலிருந்துதான் போயிருந்தது. எங்களுக்குள் எல்லோர் கூடையும் இருபது, அதனால் கணக்கு ஒத்துப்போனது; ஆட்ட அவசரத்தில் அந்த எண்ணை நாங்கள் யாரும் பிறகு கவனிக்கவில்லை. வெளியே எல்லோர் கூடையும் பத்து. கொழும்புக் கணினியின் கணக்கில் எங்கள் பெண் கூடை நிறைந்து களஞ்சியத்துக்குக் கிளம்பிய நேரத்தில், எங்கள் கணினியில் அவள் இன்னும் புதரடியில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள்.

அவனை அடிக்கலாம் போல இருந்தது. சிரிப்பும் வந்தது. உலகத்தில் இத்தனை பேர் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறார்கள், படைவீரனின் வாளைத் தீட்டாமல் பழம் பறிப்பவளின் கூடையைப் பெரிதாக்கியவன் எங்கள் ஊரில்தான் இருப்பான்.

சொல்வதா, விடுவதா

“ஹலோ? இருக்கிறீங்களா?” என்று ஸ்பீக்கரில் நவீன்.

பவானி என் கையைப் பிடித்தாள். “அக்கா, பேசாம பத்தாக்கிருவோம். சரியாயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஃபைல மாத்துனோம்னு சொன்னா கள்ள ஆட்டம்னு நெனப்பாங்க. பேர கட்டாயம் வெட்டிருவாங்க.”

அவள் சொன்னதில் பிழையே இல்லை. பத்தாக்கிவிட்டு, ரவுட்டரைத் தட்டினேன் சரியாகிவிட்டது என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அடுத்த வாரம் நிம்மதியாக ஆடலாம்.

ஆனால் நம்பி என்ன சொல்வார்கள்? லைனைச் சரிபண்ணிவிட்டார்கள் என்பார்கள். கோளாறு லைனில்தான் இருந்தது என்று முடிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டால் அந்தச் சொல்லை என் கையாலேயே எங்கள் நெற்றியில் ஒட்டுவதாக ஆகும். பேர் போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. பயமாகவும் இருந்தது. அந்த லீக்கில் ஆட நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மைக்கைப் போட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

நவீன் முழுவதையும் கேட்டார். பிறகு, “இது சீட்டிங்தானே அக்கா?” என்றார்.

“கள்ளம் பண்ணுனா ஜெயிச்சிருக்கணுமே நவீன். எங்களுக்கு ஒரு ஆட்டமாவது முடிஞ்சிச்சா? நம்பர் வேற வேறயா இருந்தா ஆட்டமே ஓடாது. இதுல யாருக்கு லாபம்?”

“அது சரி... ஆனா ஏன் மாத்தினீங்க?”

கலைச்செல்வன் எழுந்து வந்து மைக்குக்குக் குனிந்தான். “பத்துக்கெல்லாம் கூடை நெறையாதுங்க. நீங்க வேணும்னா ஒரு நாளைக்கு மலைக்கு வந்து கொழுந்து எடுத்துப் பாருங்க.”

பெஞ்சிலிருந்து அம்மா, “அப்பிடிச் சொல்லு” என்றார்.

ஸ்பீக்கரில் முதலில் ஒரு மூச்சு, பிறகு சிரிப்பு. நீளமான சிரிப்பு. சிரித்து முடித்து, மற்றக் குழுக்களிடம் கேட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்றார். கேளுங்கள் என்றேன், ஆனால் முழுவதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்றேன். கூடையையும் சொல்ல வேண்டும், லைனையும் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் முழுக்க நான் போட்டோகொப்பி மெஷினில் தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தேன். பவானி மருந்துக்கடையிலிருந்து அடிக்கொரு தரம் எட்டிப்பார்த்து, “சொன்னாங்களா?” என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவேன்.

முழுசாய் ஓர் ஆட்டம்

அடுத்த ஞாயிறு நவீன் எல்லாக் குழுக்களையும் ஒன்றாக அழைத்தார். எங்கள் ஸ்பீக்கரில் எங்கெங்கிருந்தோ இருமலும் செருமலும் கேட்டன. அவர் முதலில் சிங்களத்தில் சொன்னார், பிறகு தமிழில் சொன்னார்.

“லிந்துலை லைன்ல எந்தக் கோளாறும் இல்ல. இருந்ததும் இல்ல. கோளாறு கூடையில.”

கூடை என்றால் என்ன என்று யாரோ கேட்டார்கள். கதை முழுவதையும் சொன்னார். சிரித்தார்கள், இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒருவர் மட்டும் இது விதிமீறல், விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். மற்றவர்கள் விடலாம் என்றார்கள். பத்தாக்கிவிட்டு வரவேண்டும் என்று முடிவானது. கலைச்செல்வன் அங்கேயே பத்தாக்கினான். அம்மா முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

கண்டிக் குழுவோடு ஆட்டம். பெரட்டில் எங்கள் மூன்று பெயரும் அவர்கள் மூன்று பெயரும் வந்து நின்றன. தொடங்கினோம். பழத்துக்கு ஆள் அனுப்பிய நான் எண்ணைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் களஞ்சியத்தில் கொட்டிவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். பெட்டி வரவில்லை.

பிறகு நடந்ததை அதிகம் எழுத வெட்கமாக இருக்கிறது. வாரக்கணக்கில் கோளாறு பார்த்ததில் நாங்கள் ஆடப் பழகவே மறந்திருந்தோம். கண்டிக்காரர்கள் குதிரைப்படையோடு வந்தார்கள். பவானியின் மதில் முதலில் போனது. கலைச்செல்வன் உதவிக்குப் போய் அவனும் போனான். என் கோட்டையை அவர்கள் நிதானமாக, கல் கல்லாக உடைத்தார்கள். கடைசிக் கல் விழுந்ததும் திரையில் தோல்வி என்று பெரிதாக வந்தது. நாங்கள் அந்த லீக்கில் பார்த்த முதல் முடிவு அதுதான்.

கலைச்செல்வன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டினான். பவானி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் சிரித்துச் சிரித்து அழுதுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஏன்டி, ஜெயிச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. தோத்துட்டோம்.”

“பெறகென்னா இளிப்பு?”

“நாங்களேதான் தோத்தோம்மா. மழையும் இல்ல, டவரும் இல்ல, லைனும் இல்ல. ஆடத் தெரியாம தோத்தோம்.”

அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு, “சரி, அடுத்தது யாரு கூட? பேர் குடுத்துட்டீங்களா?” என்றார்.

கொடுத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டினோம்.